தண்ணீர்த் தாங்கியில் என்ன இருந்தது?

என் மகள் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். அவளுடைய தொலைபேசியில் ஒரு தக்காளிப்பழம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் இருபத்தைந்து நிமிடம் ஓடி மணி அடிக்கும். அடித்ததும் வேலையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் எழும்பி நடக்க வேண்டுமாம். பிறகு மறுபடியும் தட்ட வேண்டுமாம்.

"இது இப்ப வந்த முறை உம்மா. இப்பிடிச் செஞ்சா மனசு அங்க இங்க ஓடாது" என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

நான் அடுப்பில் கொதித்த ஆணத்தைக் கிண்டிக்கொண்டே, "உங்க உம்மா முப்பது வருசமா அந்தத் தக்காளிக்குள்ளதான் குடியிருந்த" என்றேன்.

"சும்மா இரிங்க உம்மா. உங்கட காலத்துல இதெல்லாம் எங்க இரிந்த?"

இந்தக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த பிள்ளைகளும் நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து எதையாவது எழுதித் தாங்க என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கடனையும் ஒன்றாக அடைத்துவிடலாம்.

நான் கிழக்குக் கரையோரத்து மருதமுனையில் பிறந்தவள். வாப்பாவுக்குக் கைத்தறித் தொழில். நூலையும் துணியையும் பார்த்துப் பழகிய கண் என்பதால் நுணுக்குக்காட்டியும் எனக்குச் சீக்கிரம் வசப்படும் என்று உம்மா நம்பினா. கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி எடுத்தேன். அங்கே சிங்களமும், பருப்பில்லாமல் ஒரு நாளும் விடியாத விடுதிச் சாப்பாடும் பழகின. முடித்துக்கொண்டு எங்கள் கரையோரத்திலேயே கல்முனைப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு நியமனம் கிடைத்து வந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் செல்வரத்தினம் சேர்.

பாண்டிருப்பு ஆள். என்னைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. ஆனால் நடையிலும் உடையிலும் இருபது வயது மூத்தவர் மாதிரி இருப்பார். கூட்டித் துடைக்க வருகிறவரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் மெதுவாகத் துடைக்கத் தொடங்குவார். அவ்வளவுதான். அதைக் கண்டால் எங்களில் யாருக்கோ இன்றைக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கிவிடும்.

அந்தக் காலத்தில் வயல் பக்கத்து ஊர்களில் இருந்து மலேரியாக் காய்ச்சல் இரத்தம் கட்டுக் கட்டாக வரும். ஸ்லைட் என்கிற கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தத்தைத் தடிப்பாகவும் இன்னொரு துளியை மெல்லியதாகவும் தடவி, காயவைத்து, ஊதா நிறச் சாயம் போட்டுக் கழுவி, அதன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குக் கீழே வட்டமாக ஒரு இடம் தெரியும். அதைப் பார்த்து முடித்துக் கொஞ்சம் தள்ளினால் அடுத்த இடம். கிருமி இருக்கிறது என்று சொல்ல ஒன்றைக் கண்டால் போதும். இல்லை என்று சொல்லத்தான் நூறு இடம் பார்த்தாக வேண்டும். பார்க்கப் பார்க்கக் கண் பொய் சொல்லத் தொடங்கும். சாயத்தின் தூசு கிருமி மாதிரித் தெரியும். அதைவிட மோசமாக, கிருமி தூசு மாதிரித் தெரியும்.

சாயம் போடும்போது நேரம் பார்க்க எங்களிடம் ஒரு முறுக்கு மணி இருந்தது. குமிழை முறுக்கி விட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் காது கிழிய அடிக்கும். சாயம் போடும் வேலை முடிந்ததும் சேர் அதை எடுத்து அரை மணித்தியாலத்துக்கு முறுக்கி, இரும்பு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். டிக் டிக் மட்டும் கேட்கும். எவ்வளவு நேரம் மிச்சம் என்று யாராலும் பார்க்க முடியாது.

"ஏன் சேர் உள்ளுக்கு வைக்கிறீங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வெளிய வெச்சா நீங்க ஸ்லைடப் பாக்க மாட்டீங்க புள்ள. மணியத்தான் பாப்பீங்க."

மணி அடித்தால் இருந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டு எழும்ப வேண்டும். பின் வாசலுக்குப் போய் தூரத்தில் உயரமாகத் தெரிகிற தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வேண்டும். தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் அந்த ஐந்து நிமிடமும் ஸ்லைடைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. திரும்பி வந்து, பாதியில் விட்ட ஸ்லைடை முதலில் இருந்து பார்க்க வேண்டும். பாதி பார்த்தது கணக்கில் இல்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். முதல் கிழமையே முட்டிக்கொண்டோம். ஒரு ஸ்லைட் முடிகிற தறுவாயில் மணி அடித்தது. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

"புள்ள, எழும்புங்க."

"இன்னும் கொஞ்சம்தான் சேர்."

கண்ணாடி கழன்றது. கைலேஞ்சி வெளியே வந்தது. நான் கதிரையைச் சத்தமாகத் தள்ளிவிட்டுப் பின் வாசலுக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

"தாங்கியில என்ன இருந்திச்சு?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல."

சேர் எழும்பித் தானே பின் வாசலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஒரு ஆள் கயிறு கட்டித் தொங்கி பெயின்ட் அடிச்சிட்டு நிக்கார் புள்ள. பாதித் தாங்கி நீலமாப் போயிட்டு."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு மனிதன் ஆகாயத்தில் தொங்குவதையே காணாத கண்ணோடுதான் அவ்வளவு நேரமும் கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து திரும்பி வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி உண்டு. தாங்கியில் என்ன? காகம் என்போம், கொக்கு என்போம், பட்டம் சிக்கியிருக்கிறது என்போம். ஒரு தடவை எங்களோடு வேலை செய்த ஒருவர் போகாமலே 'குரங்கு' என்று சொல்லி மாட்டிக்கொண்டார். கல்முனைக் கடற்கரையில் குரங்குக்கு என்ன வேலை?

நோன்பு மாதம் வந்தால் இந்த ஒழுங்கு குழம்பிவிடும். சேரைத் தவிர நாங்கள் எல்லாரும் முஸ்லிம்கள். மணி என்றால் தேத்தண்ணி என்று எங்கள் மனதில் பதிந்து போயிருந்தது. நோன்பில் தேத்தண்ணி இல்லை, பிறகு என்னத்துக்கு எழும்புவது? ஒரே மூச்சில் வேலையை முடித்தால் அசர் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போய்க் கஞ்சியைப் பார்க்கலாம். ஊரில் எல்லா அரசாங்கக் கந்தோர்களிலும் இப்படித்தான் நடக்கும். சேரோ நோன்பு மாதத்தில் மணியை அரை மணித்தியாலத்துக்குப் பதில் இருபது நிமிடத்துக்கு முறுக்குவார். நாங்கள் முணுமுணுப்போம்.

"நோன்பு நீங்கதான் புடிக்கிறீங்க. கண்ணையும் சேத்துப் பட்டினி போடாதீங்க" என்பார்.

அவரும் அந்த மாதம் முழுக்க எங்கள் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் நாங்கள் எழும்புவதற்கு முன் அவர் எழும்பிவிடுவார். நாங்கள் வுழு செய்து முகத்தைக் கழுவிக்கொண்டு வரும்போது, "இதத்தான் நானும் செய்யச் சொல்றன். உங்கட மார்க்கம் சொன்னாக் கேக்கிறீங்க, நான் சொன்னாக் கேக்கிறீங்க இல்ல" என்று சிரிப்பார்.

வருடங்கள் போகப் போக மலேரியா குறைந்தது. பிறகு அறவே இல்லாமல் போனது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஸ்லைட் பார்ப்பது நிற்கவில்லை. காய்ச்சல்காரர்களின் இரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. வருடக் கணக்காக இல்லை, இல்லை, இல்லை. எல்லாம் இல்லை என்று தெரிந்துகொண்டு நூறு இடம் பார்ப்பது எவ்வளவு சலிப்பு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சேர் மட்டும் ஒரு இடத்தைக்கூடக் குறைக்கவில்லை. மணியையும் விடவில்லை.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

நாடு முழுக்க டெங்கு பரவியிருந்த நேரம். நோன்பு மாதம். கச்சான் காற்று வேறு அனலாக வீசிக்கொண்டிருந்தது. கண்ணிமையை மூடித் திறந்தால் மண் கரகரக்கும். எங்களில் ஒரு பிள்ளை பிரசவ லீவில். இன்னொருவர் தானே காய்ச்சலில் விழுந்து வார்ட்டில் கிடந்தார். சேரும் நானும்தான். காலையில் இருந்து டெங்கு நோயாளிகளின் இரத்தம் வந்து குவிந்தது.

லுஹர் தாண்டி ஒரு இரத்தம் வந்தது. பாலமுனைக்காரர், முப்பது வயது மட்டில். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு, நோன்பையும் பெருநாளையும் குடும்பத்தோடு கழிக்க வந்தவர். வந்த இடத்தில் காய்ச்சல். டெங்குப் பரிசோதனை இல்லை என்று சொன்னது. பிளேட்லட் மட்டும் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் இருந்து பேச்சுத் தடுமாறத் தொடங்கியிருந்தது. டெங்குதான், பரிசோதனைதான் பிழைத்திருக்கிறது என்று வார்ட்டில் நினைத்தார்கள். டெங்கு என்றே எழுதி மட்டக்களப்புக்கு அனுப்ப அம்புலன்சும் வந்து நின்றது. அனுப்புவதற்கு முன் மலேரியாவையும் பார்த்துவிடலாம் என்று டொக்டர் கேட்டிருந்தார். இளம் டொக்டர், நல்ல பிள்ளை. வார்ட்டில் இருந்து இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

அவசரம் என்பதால் சேர் தானே அந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். அவர் பார்த்தார், பார்த்தார். நூறைத் தாண்டியும் பார்த்தார். முதுகு வளைந்து, ஒரு கையால் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்ல புள்ள" என்று கடைசியில் சொன்னார். தொலைபேசி மறுபடியும் அடித்தது. அவர் கை நீண்டது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தொலைபேசியைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. அலுமாரிக்குள் டிக் டிக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முறுக்கு மணி சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. காலையில் இருந்து சாயம் போடுவதற்கே அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். அலுமாரிக்குள் வைக்க இருவருக்கும் நினைவில்லை. காலையில் இருந்து எங்களை எழுப்புகிற மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. லுஹருக்குக்கூட நான் மட்டும்தான் எழும்பிப் போனேன். சேர் இருந்த கதிரையிலேயே இருந்தார்.

"சேர், மணி" என்றேன்.

"அடிக்கல்லயே."

"எப்பிடி அடிக்கும்? அது அங்க கிடக்கு."

அவர் தொட்டிப் பக்கம் பார்த்தார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் மேலதிகாரி. அந்தக் கட்டடத்திலேயே அவரைப் போல ஸ்லைட் பார்க்க வேறு ஆள் இல்லை. அங்கே ஒரு மனிதனுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. அம்புலன்ஸ் நிற்கிறது.

"எழும்புங்க சேர்" என்றேன். "போய்த் தாங்கியப் பாத்துட்டு வாங்க. டொக்டருக்கு நான் சொல்றன்."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத்தான் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் பின் வாசலுக்கு நடந்தார்.

நான் தொலைபேசியை எடுத்து, "அஞ்சு நிமிசம் தாங்க டொக்டர்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. சேரை எழுப்பிவிட்டு நான் மட்டும் இருந்தால் சரியில்லை என்று நானும் முன் வாசலுக்குப் போனேன். அங்கே அந்த மனிதரின் மனைவி நின்றுகொண்டிருந்தா. கையில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. காலையில் இருந்து நிற்கிறா போலிருக்கிறது, உதடெல்லாம் வெடித்திருந்தது.

ஸ்லைடைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அது எனக்கு ஊறிப்போன பழக்கம். கேட்பதற்கு வேறு எதையாவது தேடினேன். பிள்ளையின் சட்டையில் கண் போனது. மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய வட்டங்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி. நான் தறிக்காரன் மகள். அரபு நாட்டில் இருந்து எங்கள் ஊருக்கு வருகிற துணி எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்படி ஒரு துணி வந்து நான் கண்டதில்லை.

"சட்ட வடிவா இரிக்கி. எங்க எடுத்த?"

"இவட வாப்பா கொண்டந்த துணி மிஸ். நான்தான் தச்ச."

"கத்தார்ல இப்பிடித் துணி விக்கிறாங்களா?"

"கத்தாரில்ல மிஸ். அவர் ஆப்பிரிக்காவுல ரோட்டுப் போடுற கம்பனியில இரிந்தவர். அங்க காட்டுக்குள்ளதான் வேலையாம். சரியான நுளம்புக் கடியாம்."

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் அது அரபு நாடுதான். சவூதியா, கத்தாரா என்று கேட்போமே தவிர, வேறு ஒரு திசை இருக்கிறதென்று யாருக்கும் தோன்றாது. வார்ட்டிலும் தோன்றவில்லை. 'வெளிநாட்டுல இரிந்து வந்த' என்று அவருடைய மனைவி வந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறா. எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் உட்பட.

நான் உள்ளே ஓடினேன். சேர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஸ்லைடை முதலாவது இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார், காதோரம் சொட்டியது.

"சேர், அந்த ஆள் வந்து..."

அவர் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை உயர்த்தினார். "ஸ்லைடப் பத்திக் கதைக்கக் கூடா புள்ள. நான் பாத்து முடிக்கிறன்."

வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் ஒரு நாளும் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. அவர் அவசரப்படவில்லை. தள்ளினார், பார்த்தார், தள்ளினார். பிறகு அவருடைய கை நின்றது. குமிழை மெல்ல முன்னும் பின்னும் திருப்பினார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"இஞ்ச வாங்க. பாருங்க."

பார்த்தேன். மெல்லிய நீல வளையம். அதன் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. தூசு இல்லை. கொஞ்சம் தள்ளினால் இன்னொன்று. இருபது வருடத்துக்கு முன் நாள்தோறும் கண்ட அதே மலேரியா முகம்.

"ஆப்பிரிக்காவுல இரிந்து வந்திரிக்கார் சேர்" என்றேன். சேர் தொலைபேசியை எடுத்தார்.

அம்புலன்ஸ் திரும்பிப் போனது. மருந்து வேறொரு இடத்தில் இருந்து வர வேண்டியிருந்தது. நோன்பு திறப்பதற்கு முன் வந்து சேர்ந்தது. சில நாட்கள் அந்த மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாமல் கிடந்தார். பிறகு கண் விழித்தார். பெருநாளுக்குத் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். பெருநாள் கழித்து மனைவி ஒரு பெட்டி நிறையப் பலகாரத்தோடு வந்தா. சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது எனக்கில்ல புள்ள, தாங்கிக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு தொதலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் முறுக்கு மணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இனி இத நீங்க முறுக்குங்க. வேலையில மூழ்கின ஆளுக்குத் தான் மூழ்கினது தெரியாது. எனக்கும் ஒரு ஆள் வேணும்."

இத்தனை வருடமும் அந்த மணியை அவர் எங்களுக்காக முறுக்கிக்கொண்டிருந்தார் என்பதும், அவருக்கென்று முறுக்க ஒருவரும் இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. என்னைத் திட்டாமல், வெருட்டாமல் ஒரு நல்ல பழக்கத்தை என் எலும்பில் ஏற்றிய மனிதர் அவர். நான் ஓய்வு பெறும் வரை என் கையால் ஒரு பிழையான முடிவு போகாமல் இருந்தது என்றால், அல்லாஹ்வுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடு என்று இன்றும் துஆக் கேட்கிறேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முன் கந்தோரில் மாலையும் கேக்கும் வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். சேரோ கடைசியாக ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு ஸ்லைடோடு உட்கார்ந்துவிட்டார். அன்றும் மணியை முறுக்கி அலுமாரிக்குள் வைத்தவள் நான். அவர் பாதி பார்த்திருக்கும்போது அடித்தது. இன்றைக்கு மட்டும் இருந்து முடிக்கட்டும் என்று நினைத்தேன்.

சேர் எழும்பினார். பின் வாசலுக்குப் போனார். வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார். திரும்பி வந்தபோது நான் கேட்டேன்.

"தாங்கியில என்ன சேர்?"

"இண்டைக்கு வடிவாத் தெரியல்ல புள்ள" என்றார். கைலேஞ்சியை எடுத்தார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை.

முன் கந்தோரில் இருந்து கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் அவருடைய கதிரையில் உட்கார்ந்து, அவர் பாதியில் விட்ட ஸ்லைடை முதலாவது இடத்துக்குத் தள்ளி, அங்கிருந்து பார்க்கத் தொடங்கினேன்.